உடைமை கெட்டுக் கடமை ஆன கதை: ஆங்கில வினைகளின் சொத்து விவரம் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் அதிகாரம் செய்யும் துணைவினைகள் பலவும் வாழ்ந்து கெட்ட குடும்பத்து வாரிசுகள் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதல் சான்று ‘ஓ’ (owe) என்னும் வினை. இன்று இதற்குக் ‘கடன்பட்டிரு’ என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஆகன்’. அப்போது ‘சொந்தமாக வைத்திரு’ என்று பொருள். பிற்பாடு அதே சொல் கொடுக்கவேண்டிய பாக்கியையும் குறிக்கத் தொடங்கி, இரண்டு பொருளும் பல தலைமுறை ஒரே கூரையின்கீழ் குடித்தனம் நடத்தின. ஷேக்ஸ்பியரிடம் இரண்டையும் காணலாம். வீட்டுப் பத்திரம் பெட்டியில் இருக்கிறதா அடகில் இருக்கிறதா என்பதை, சொல்லைக் காதில் கேட்டவர் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, அறிஞர்கள் இதைக் கண்டுகொள்வதேயில்லை.

கடைசியில் சொத்து முழுவதும் ‘ஓன்’ (own) என்ற பங்காளிக்குப் போயிற்று. ‘ஓ’வுக்கு மிஞ்சியது கடன். அதன் பழைய இறந்தகால வடிவமான ‘ஆட்’ (ought) தனிக்குடித்தனம் போய், ‘இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்’ என்று ஊருக்கு உபதேசம் செய்ய உட்கார்ந்துவிட்டது. கையில் காசில்லாதவர்தான் அறிவுரையில் தாராளம் காட்டுவார் என்பதற்கு இலக்கணம் தரும் சான்று இது. (புறநானூறு 312இல் பொன்முடியார் தாய்முதல் வேந்தன்வரை ஆளுக்கொரு ‘கடன்’ வகுக்கிறார், அங்கே அது கடமை. இன்று அச்சொல்லைப் பார்க்க வங்கிக்குப் போகவேண்டும்.)

‘ஷல்’லின் ஆதிப்பொருளும் கடன்பட்டிருப்பதுதான், அதன் இறந்தகாலமே ‘ஷுட்’. ‘மஸ்ட்’ வேறு ரகம். ‘செய்ய அனுமதி உண்டு’ என்ற பொருளில் வழங்கிய ‘மோட்டன்’ என்ற வினையின் இறந்தகால வடிவம் அது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்தே தீரவேண்டும்’ என்றானது. ‘விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்’ என்ற அலுவலகச் சுற்றறிக்கையைப் பெற்ற எவருக்கும் இதில் வியப்பிராது.

இறந்தகாலமாகப் பிறந்து நிகழ்காலத்தில் பதவியேற்றதால் ‘மஸ்ட்’டுக்கு ஒரு சங்கடம்: நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல அதற்கு வழியில்லை. ‘நேற்றுப் போகவேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹேட் டு’ என்று ‘ஹேவ்’விடம் இரவல் வாங்குகிறார்கள். ‘ஹேவ்’ யார்? அவரும் உடைமைக்காரரே! அவர் இறங்குமுகத்தில் இருப்பதற்கும் தடயம் உண்டு. ‘ஹேவ் காட் டு’ என்று அவருக்கு முட்டுக்கொடுக்க வந்த ‘காட்’ (got) பேச்சில் ‘டு’வோடு ஒட்டி ‘காட்டா’ ஆயிற்று. ‘ஐ காட்டா கோ’ என்கிறவரின் வாயில் ‘ஹேவ்’வைத் தேடினால், ஆள் வீட்டிலேயே இல்லை.