2.95.3 அங்கிள்

சாலாக் செலாத்தான் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் கடையில் ‘தே தாரிக் குராங் மானிஸ்’ கேட்கும் நரைத்த மீசைக்காரர்களில் எவரேனும் ஒருவர் 2.95.3 அங்கிளாக இருக்கக்கூடும். கிள்ளானில் ஒருவர் உண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் உண்டு. ஆளுக்கு ஆள் மீசை மாறும், எண் மாறாது.

பணி ஓய்வு பெற்றவர். இபிஎப் பணத்தை அத்தை பத்திரமாக வைத்திருப்பதால் செலவில்லாத பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. அலுவலகம் இடம் மாறியபோது குப்பைக்குப் போகவிருந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ஐக் கேட்டு வாங்கி, காரின் பின்சீட்டில் சீட்பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார். 1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விற்கத் தொடங்கிய வரிசை; இது 110 மெகாஹெர்ட்ஸ். சன் நிறுவனத்தையே 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது என்று யாராவது நினைவுபடுத்தினால், இழவு வீட்டுக்காரர் போலத் தலையை மட்டும் ஆட்டுவார்.

வந்த அன்றே தெரிந்தது, மெஷினுக்குத் தன் பெயரே மறந்துவிட்டது என்று. அதன் ஈதர்நெட் முகவரி, கடிகாரத்தோடு சேர்ந்த ஒரு சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்புக்குள்ளேயே ஒரு பேட்டரி. சில ஆண்டுகளில் செத்துவிடும். அங்கிள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிப்பின் தலையை அரத்தால் ராவி, உள்ளே மின்னும் இரண்டு கம்பிகளைத் தேடிப்பிடித்து, வெளியே ஒரு காசு பேட்டரியைப் பற்றவைத்தார். மானிட்டருக்கு 13டபிள்யூ3 என்ற அபூர்வக் கேபிள் வேண்டும். அதற்காகப் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால் வாரயிறுதிப் பழைய பொருள் சந்தையில் அவர் அலைந்ததில், கேபிள் கிடைக்குமுன் மூன்று கிராமபோன் தட்டுகள் வீடு வந்து சேர்ந்தன.

இவ்வளவும் முன்னுரைதான். கதை கம்பைலரில் ஆரம்பிக்கிறது.

பழைய சன்ஓஎஸ் 4-இல் சி கம்பைலர் கூடவே வந்தது. சோலாரிஸ் 2 வந்ததும் அதைத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். ‘சிசி’ என்று தட்டினால், மொழித் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று ஒரு வரி வரும். அங்கிள் அந்த வரியை இன்றும் மனக்கசப்போடு ஒப்பிப்பார். 1987 முதல் ஸ்டால்மன் புண்ணியத்தில் ஜிசிசி என்ற கம்பைலர் இலவசம். ஆனால் அது மூலநிரலாக வரும். அதைக் கம்பைல் செய்ய ஒரு கம்பைலர் வேண்டும்! யாரோ முன்பே கட்டிவைத்த பைனரியை இறக்கிக்கொள்வதுதான் வழி.

அக்காள் மகன் ஒருநாள் மாமாக் கடைப் பக்கமாக வந்து மாட்டிக்கொண்டான்.

“மாமா, ஆகப் புது வெர்ஷனப் போட்டுட்டுப் போங்க லா.”

“4.8-லேருந்து ஜிசிசியையே கட்டறதுக்கு சி பிளஸ் பிளஸ் வேணும்டா. இந்த மெஷினு தாங்குமா?”

“அப்ப 2.96?”

அங்கிள் கிளாஸைக் கீழே வைத்தார். “அது ஜிசிசிக்காரன் விட்டதே இல்ல. 2000-த்துல ரெட் ஹேட் தானா நம்பர் போட்டு விட்டது.”

“சரி, 2.95.”

“மொட்டையா 2.95-ன்னு சொல்லாத. அதுல அலையசிங் விசயத்துல ஒரு ஆப்டிமைசேஷன் தானா ஆன் ஆயிரும். ஒழுங்கில்லாம எழுதின பழைய புரோகிராமெல்லாம் சொதப்பிரும். 2.95.2-ல அத மூடிட்டானுங்க. 2.95.3, 2001 மார்ச். லினக்ஸ் 2.4 கெர்னலுக்கே அதத்தான் போடச் சொன்னாங்க.”

ரொட்டி சானாய் ஆறிப்போனது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் இந்த வகை மனிதர்களிடம் நமக்குள்ள பெரிய சங்கடம். ஹைக்கூ என்ற இயங்குதளத்தின் 32-பிட் பதிப்பு, பழைய பீஓஎஸ் நிரல்களுக்காக அந்த 2.95 குடும்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது என்ற தகவலைக் கல்லாக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

“இறக்குன பைனரிய நம்பலாமா மாமா?” என்று பையன் கேட்டிருக்கக் கூடாது. 1983-இல் கென் தாம்சன் டூரிங் விருது உரையில் சொன்னதை அங்கிள் எடுத்துவிட்டார்: கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை ஒளித்துவைத்தால், மூலநிரலில் தடயமே இல்லாமல் அது அடுத்தடுத்த கம்பைலர்களுக்கும் தொற்றிக்கொண்டே போகும். எல்ஆர்டி இரண்டு போய்விட்டன.

அந்தத் திருட்டு இதில் பிடிபடாது; ஆனால் கம்பைலர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கவாவது நாமே கட்டவேண்டும். இருக்கும் கம்பைலர் முதல் பிரதியைக் கட்டும். அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. இரண்டும் மூன்றும் அச்சு அசலாக ஒத்துப்போனால் தேறியது. இதற்கு ஓர் இரவு முழுக்க ஹார்ட்டிஸ்க் கரகரத்தது. அத்தை, ஏர்கோனை நிறுத்திவிட்டு இதை ஓடவிட்டதற்காக ஹாலில் படுத்தார். விடியற்காலையில் ஒப்பீடு சரியாக வந்தது. பையனுக்குப் போன் பறந்தது.

“சரி மாமா, இப்ப இத வச்சு என்ன எழுதப் போறீங்க?”

அங்கிளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எழுதுவதா? பிறகு பையனின் மனம் கோணாதிருக்க, கெர்னிகனும் ரிட்சியும் 1978 முதல் ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த அந்த முதல் வணக்க நிரலைத் தட்டினார். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஒருமுறை, மைனஸ் ஓ-வில் ஒருமுறை, மைனஸ் ஓ2-வில் ஒருமுறை ஓட்டி, மூன்று விடைகளையும் தாளில் எழுதி டிக் போட்டார்.

“மூணும் ஒண்ணுதான்டா.”

“ஓ3?”

“அவசரப்படாத. அது ரிஸ்க்கு.”