நிற்கையில் அணையும் எஞ்சின்

கேள்வி: சாலையில் குறையின்றி ஓடும் பெட்ரோல் கார், சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுவது ஏன்?

பதில்: பின்னால் நிற்பவரின் ஹாரனைச் சோதிப்பதற்காக அன்று. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த பின்னும் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்று வரை மெல்லச் சுழலும் நிலையே ஐடிலிங் எனப்படும்; அப்போது உட்செல்லும் காற்று மிகச் சிறிதாகையால், வேகத்தில் வெளித்தெரியாத அற்பக் குறையும் எஞ்சினை அணைத்துவிடுகிறது.

இன்ஜெக்‌ஷன் வகைக் கார்களில் முதலில் ஐயுறத்தக்கது த்ராட்டில் பாடி, அதாவது உள்ளிருக்கும் வட்டத் தகடு திரும்பித் திரும்பிக் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குழாய். தகட்டின் விளிம்பில் கரி படிந்தால், ஐடிலிங்கில் அதன் ஓரமாய் எஞ்சும் மயிரிழையளவான காற்றுவழியும் அடைபடுகிறது. கிளீனர் தெளித்துத் துணியால் துடைத்தாலே பல வண்டிகள் திருந்திவிடும். ஆயினும் மின்னணு த்ராட்டிலாயின் தகட்டை விரலால் தள்ளலாகாது, துடைத்தபின் பல மாடல்களில் கணினிக்கு ஐடிலை மீண்டும் கற்பிக்கவும் வேண்டும். ஏசி போடும்போது மட்டும் அணைந்தால், கூடும் சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டும் ஐடில் வால்வைப் பார்ப்பது தகும். மாறாக, ‘உஸ்’ என்ற ஒலியோடு ஐடில் ஏறி இறங்கினால், காற்றை எஞ்சினுக்குள் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் சேரும் ரப்பர் ஹோஸ் எதுவோ வெடித்து, கணக்கில் வராத காற்று புகுகிறது என்று ஐயுறலாம். ஹோஸின் விலை சொற்பமே. அது அகப்படும் முன் ஊகத்தால் மாற்றப்படும் ப்ளக், காயில், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் பில்தான் பர்ஸை ஐடிலிங் நிலைக்குக் கொண்டுவருகிறது.