சாஸ்திரம் கடல் கடந்த கதை

கேள்வி: சலங்கை கட்டாமலும் முத்திரை பிடிக்காமலும் ஆடுகின்ற அமெரிக்கர்களுக்கும் நம் பரத முனிவருக்கும் உறவு உண்டென்று எழுதியிருந்தீர்கள். என்ன வழியில் உறவு ஐயா?

பதில்: புத்தக வழியில். 1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, 1917-இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் பணியேற்ற ஆனந்த குமாரசாமி, அதே ஆண்டில் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தைத் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் பின்னாளில் எழுதிய நூல்களில் பரத முனிவரின் ரஸ சித்தாந்தத்தைப் படித்துணர்ந்த ஜான் கேஜ் என்னும் சங்கீத வித்வான், ஸ்தாயி பாவங்களை, அதாவது நிலைத்த உணர்ச்சிகளை, மனத்திற்கொண்டு 1946 முதல் 1948 வரை பியானோவுக்கென உருப்படிகள் இயற்றினார். அவருடைய தோழரான நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமோ, 1951-இல் அரங்கேற்றிய ‘பதினாறு நடனங்கள்’ என்ற படைப்பில் ஒன்பது ரஸங்களையும் வரிசையாக ஆடி, ஹாஸ்யத்துக்கு நாற்காலியில் அமர்ந்த ஒரு மனிதனையும், அற்புதத்துக்குப் பறவை முகமூடி தரித்த உருவத்தையும், பீபத்ஸத்துக்குக் கூச்சலிடும் போர்வீரனையும் கொண்டுவந்து, சாந்தத்தில் நிறைவு செய்தார். எதன்பின் எது வருவதென்பதற்கு அவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார் என்பதுதான் விசேஷம்!

கேள்வி: அமெரிக்க நடனமணி ரூத் செயின்ட் டெனிஸ் 1906-லேயே ‘ராதா’ ஆடிவிட்டாரே! அவரல்லவா முன்னோடி?

பதில்: வேஷத்துக்கு அவரே முன்னோடி. நியூயார்க்கில் ராதையாகத் தோன்றியபோது அவர் பாரத பூமியை மிதித்ததில்லை. பின்னணி இசையும் பிரெஞ்சுக்காரரான டெலீப் இயற்றிய ‘லக்மே’ ஆபெராவினுடையது. அவருடைய பக்தி மெய்யானது. மார்த்தா கிரகாம் முதலியோர் பயின்ற நடனப் பள்ளியை நிறுவிய பெருமையும் அவருக்கும் டெட் ஷானுக்கும் உண்டு. ஆயினும் ‘ராதா’வில் சாஸ்திரத்தைத் தேடுவது வீண்.

கேள்வி: அந்த ‘பதினாறு நடனங்க’ளைப் பரத முனிவர் பார்த்திருந்தால்?

பதில்: ‘நான் சொன்னவை எட்டுத்தானே, ஒன்பதாவது எங்கிருந்து வந்தது?’ என்று முதலில் கேட்டிருப்பார். சாந்தத்துக்காக வாதாடிய காச்மீரத்து அபிநவகுப்தர் அதற்குப் பதில் சொல்லியிருப்பார். நாணயத்தை மட்டும் முனிவர் பொறுத்திருக்க மாட்டார். விபாவம் (உணர்ச்சிக்குக் காரணம்), அனுபாவம் (அதன் வெளிப்பாடு), வியபிசாரி பாவம் (வந்து மறையும் உணர்ச்சி) ஆகிய மூன்றும் கூடும்போதே ரஸம் பிறக்கிறது என்று விதித்தவர், அதன் வரவைத் தற்செயலுக்கு விட்டுவிட இசைவாரா? கன்னிங்ஹாம் ரஸங்களின் பட்டியலைக் கைக்கொண்டார், ரஸம் பிறக்கும் முறையை விட்டுவிட்டார் என்பதே என் தீர்ப்பு. அம்முறையை அறிய விரும்பும் நேயர்கள் நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தையும், அதைத் தொடரும் பாவங்களின் அத்தியாயத்தையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.