கண்ணாயிரம் பதில்கள்: வெளியூரில் இருந்தபடி வீட்டைப் பார்ப்பது எப்படி?

கே: வீட்டு வைஃபையில் இருக்கும்போது கேமரா என் போனில் பளிச்சென்று தெரிகிறது. தெருமுனை டீக்கடைக்குப் போனால் காணாமல் போகிறது. அதற்கும் என்னைப் போல வீட்டை விட்டு வெளியே வரப் பிடிக்காதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி

ப: பிடித்தாலும் வழி இல்லையே சார்! 192.168 என்று தொடங்கும் அதன் எண், வீட்டுக்குள் புழங்க மட்டும் உங்கள் ரவுட்டர் கொடுத்தது. அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கும், பாரிஸிலும் இருக்கும். வெளியிலிருந்து பார்க்க மூன்று வழிகள்: கேமரா கம்பெனியின் ஆப், ரவுட்டரில் போர்ட் திறப்பது, விபிஎன்.

உங்களுக்கு ஆப் போதும். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரை லேன் கேபிளால் ரவுட்டரில் செருகுங்கள். நெட்வொர்க் மெனுவில் டிஎச்சிபி-யை டிக் செய்யுங்கள். 'பிளாட்ஃபார்ம் ஆக்சஸ்' அல்லது 'பி2பி' என்ற இடத்தில் எனேபிள் கொடுத்துவிட்டு, 'ஆன்லைன்' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. 'ஆஃப்லைன்' என்றே அடம்பிடித்தால், ஐபி எண்ணை யாரோ கையால் போட்டுவிட்டு கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இதில் வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. டிவிஆரே கம்பெனி சர்வருக்குப் போய் ஆஜர் கொடுக்கிறது, உங்கள் போனும் அங்கே போகிறது, சர்வர் இரண்டையும் சேர்த்து வைக்கிறது.

கே: யூடியூபில் ஒருவர் சொன்னபடி ரவுட்டரில் 8000, 554 என்று போர்ட்டுகளைத் திறந்தேன். டிடிஎன்எஸ்-ஸும் போட்டேன். படம் வரவில்லை, தலைவலிதான் வந்தது.
– பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்

ப: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி' என்ன என்று பாருங்கள். பிறகு கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அதிலும் முதலாவது 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளே நூறு அறை. நீங்கள் உங்கள் அறைக் கதவைத் திறந்து வைத்தாலும், கீழே வாட்ச்மேன் வந்தவரை மேலே விடமாட்டார். பழைய ஐபிவி4 முறையில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பங்குபோடல். டிடிஎன்எஸ், முகவரி மாறினால் கண்டுபிடித்துச் சொல்லும். இல்லாத முகவரியை உண்டாக்காது. தனி முகவரிதான் வேண்டும் என்றால், இணைப்புக் கம்பெனியிடம் காசு கட்டி 'ஸ்டாட்டிக் ஐபி' வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், வாட்ச்மேன் இருப்பது உங்களுக்கு நல்லது.

கே: எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது? எவன் மெனக்கெட்டு என் கேமராவுக்குள் நுழையப் போகிறான்?
– இல்லத்தரசி, விழுப்புரம்

ப: மனிதன் மெனக்கெட மாட்டான் அம்மா, புரோகிராம் மெனக்கெடும். 2016-ல் 'மிராய்' என்றொன்று கிளம்பியது. இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடிப் போய், கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்ததையெல்லாம் தன் படையில் சேர்த்தது. அதை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் புரோகிராம் ஊர் சுற்றப் போய்விட்டது. அப்படிச் சேர்ந்த படை 2016 அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் மீது பாய, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. உங்கள் வீட்டில் திருட ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். திருட்டுக்கு ஆள் அனுப்பும் வீடாக அது ஆகிவிடக் கூடாது.

கே: பாஸ்வேர்டு 'admin123' என்று வைத்திருக்கிறேன். மறக்காது பாருங்கள்!
– மளிகைக்கடைக்காரர், ஆரணி

ப: அந்நியனுக்கும் மறக்காது. 2025-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே விற்பனைக்குப் போன வழக்கில் அடிபட்டது உங்களுடைய இதே பாஸ்வேர்டுதான். பெரிய இடமும் தப்பவில்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தை 2014-ல் அரசின் சைபர் பாதுகாப்பு வல்லுநர்கள் சோதித்தார்கள். கேமராக்களை நிர்வகிக்கும் சர்வரின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'லூவ்ர்'! மோனாலிசா சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல், கடைப் பெயர், போன் நம்பர் கலக்காமல் வையுங்கள். மறந்துவிடும் என்றால் காகிதத்தில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். ஹேக்கருக்கு உங்கள் பீரோ எட்டாது.

கே: கேமரா மாட்டிய தம்பியே ஆப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டார். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

ப: முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். பல தம்பிகள் அவசரத்தில் டிவிஆரைத் தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டு, உங்களுக்கு 'ஷேர்' செய்துவிட்டுப் போவார்கள். அப்படியானால் அதன் உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. ஆப்பில் உங்கள் கருவியின் பக்கத்தில் 'ஷேர்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் மின்னஞ்சலில் புதிதாகச் சேருங்கள். கையோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் தொலைந்து போகலாம் அல்லவா?

கே: நியூஜெர்சியில் இருந்து கும்பகோணம் வீட்டைப் பார்க்கிறேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இங்கே என் நெட் படுவேகம்.
– மென்பொருள் பொறியாளர்

ப: உங்கள் நெட் அல்ல, கும்பகோணத்து நெட்டின் அப்லோடு வேகம்தான் கணக்கு. இரண்டு மெகாபிக்சல் கேமரா எச்.264 முறையில் சுமார் 4 எம்பிபிஎஸ் கேட்கும். நான்கு கேமராவையும் ஒன்றாகத் திறந்தால் 16. எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும். தினசரி பார்வைக்கு 'சப் ஸ்ட்ரீம்' வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு அரை எம்பிபிஎஸ் போதும். முகம் தெரிய வேண்டிய நேரத்தில் மட்டும் 'மெயின்'. நீங்களே மென்பொருள்காரர், வீட்டில் ஒரு சின்ன கணினியில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டால், சிஜிநாட் இருந்தாலும் போர்ட் திறக்காமலே உள்ளே போகலாம். கம்பெனி சர்வரை நம்பாதவர்களுக்கு அதுவே நல்ல வழி.

கே: கரன்ட் போனால்?
– மின்வாரிய ஊழியர், பெயர் வேண்டாம்

ப: இதை நீங்களே கேட்கலாமா! டிவிஆருக்கும் கேமராவுக்கும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு ரவுட்டரை மறப்பவர்கள்தான் அதிகம். பதிவு நடக்கும், வெளியூரில் படம் தெரியாது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது.

கே: துபாயில் இருக்கும் மகன் ஹாலில் கேமரா வைத்துவிட்டு, 'அம்மா, ஏன் இன்னும் மாத்திரை போடவில்லை' என்று போன் செய்கிறான். பாசமா, வேவா?
– ஒரு தாய், கீழக்கரை

ப: மாத்திரையைப் போட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். கேள்வி நியாயமானது. ஒரே வீட்டில் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அவரது அந்தரங்கத்தை மீறுவது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அது சகோதரர்களுக்குள் நடந்த வழக்கு. உங்கள் வழக்கு கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வாசல், மாடிப்படி, கொல்லைப்புறம் போதும், ஹால் வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஹால் செய்தி வேண்டுமென்றால் அவர் போன் பண்ணட்டும். நீங்கள் பேச மாட்டேன் என்றா சொல்லப் போகிறீர்கள்?

கே: உலகத்தில் முதன்முதலில் வெப்கேம் வழியாக எதைப் பார்த்தார்கள்? தங்கமா, வைரமா?
– கல்லூரி மாணவி, மதுரை

ப: காபி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், காபி தீர்ந்துபோன ஜாடிக்காக மாடிப்படி ஏறி இறங்கிச் சலித்த கணினி ஆராய்ச்சியாளர்கள், 1991-ல் அதன் முன் ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-ல் அது உலகம் முழுக்க இணையத்தில் தெரிந்தது, 2001-ல் நிறுத்தப்பட்டது. பாஸ்வேர்டு கிடையாது. காபி ஜாடிக்குத் தேவையுமில்லை.

கே: இவ்வளவும் படிக்க நேரமில்லை. சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– அவசரக்காரர், சென்னை

ப: போர்ட்டைத் திறக்காதீர்கள். ரவுட்டரில் யூபிஎன்பி-யை அணையுங்கள். கேட்காமலே போர்ட் திறக்கும் வேலை அதனுடையது. கருவி உங்கள் கணக்கில் இருக்கட்டும். பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். டிவிஆருக்கு அப்டேட் வந்தால் போடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், 2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் பிஐஎஸ் பதிவும் கட்டாயம். முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். கடைசியாக ஒன்று: கேமரா திருடனைக் காட்டும், துரத்தாது. ஊருக்குப் போகும்முன் பக்கத்து வீட்டாரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.