இத்தாலியர் தொந்தரவில்லாத இத்தாலிய மொழி

ஒரு மொழியைக் கற்க அதைப் பேசுகிறவர்களும் வேண்டும் என்று உலகம் வெகுகாலமாக நம்பிவந்தது. அந்த மூடநம்பிக்கையை ஒற்றை ஆளாக நின்று உடைத்த பெருமை நம் நண்பரையே சேரும். ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது, கூடப் படிப்பவர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தாலியர் ஒருவர்கூடக் கிடையாது. கையில் கைபேசி, காதில் ஹெட்போன், உட்காரப் பால்கனி நாற்காலி. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு இத்தாலிய மொழியையும், மிச்ச நேரத்தில் இத்தாலியப் பண்பாட்டையும் முழுக்க முழுக்கச் சொந்த முயற்சியில் கைப்பற்றிவிட்டார். முறைப்படி அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்திருக்க வேண்டும். மேடை ஏறினால் நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் அவரே மறுத்துவிட்டார்.

மொழி கற்பிக்கும் செயலியில் ஒரு நாளும் விடாமல் பாடம் முடிக்கும் அவருடைய ‘ஸ்ட்ரீக்’ கணக்கு இன்றுவரை அறுந்ததில்லை. தங்கை கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ‘பெண்ணோட அண்ணன் எங்கே?’ என்று தேடினார்கள். அண்ணன் மண்டபத்து மொட்டைமாடியில் அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டிருந்தார். பெண் ஆப்பிள் சாப்பிடுகிறாள். பூனை பால் குடிக்கிறது. சிறுவர்களிடம் புத்தகம் இருக்கிறது. இந்த மூன்று செய்திகளையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வார். ஆப்பிள் சாப்பிடும் பெண்ணும் பால் குடிக்கும் பூனையும் ரோம் நகரத்துத் தெரு ஒன்றில் சேர்ந்தாற்போல் தென்பட்டால், நிலைமையை விளக்க அவரைவிடத் தகுதியானவர் கிடைக்க மாட்டார். செயலியில் தப்புச் செய்தால் ஓர் இதயம் குறையும். சற்றுப் பொறுத்தால் தானாகத் திரும்பி வரும். மனிதர்களிடம் இந்த வசதி இல்லை. தப்பாகப் பேசினால் அவர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள், சிரிப்பார்கள், ‘என்ன சொன்னீங்க?’ என்று திருப்பிக் கேட்பார்கள். இந்த ஆபத்தை நண்பர் தொடக்கத்திலேயே மோப்பம் பிடித்து ஒதுங்கிக்கொண்டார்.

இந்த நுட்பம் தெரியாமல் முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. வட இத்தாலியில், மான்த்துவாவுக்கு அருகே, காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680இல் பிறந்தவர் பெஸ்கி. தமிழ் கற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியில் சாய்ந்து கற்றிருக்கலாம். மனிதர் கடல் தாண்டி வந்து, உடையை மாற்றி, உணவை மாற்றி, தமிழ்ப் புலவர்களின் எதிரே மாணவனாக உட்கார்ந்து, தப்பும் தவறுமாகப் பேசித் திருத்தம் வாங்கினார். கடைசியில் என்ன ஆயிற்று? வீரமாமுனிவர் என்ற பெயர், மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி, 1732இல் சதுரகராதி, ஒரு தொன்னூல் விளக்கம், பரமார்த்த குருவை வைத்து ஒரு சிரிப்புக் கதை. போதாததற்கு எகர ஏகாரங்களுக்கு எழுத்தில் வேறுபாடு காட்டும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை இருந்தும் ஸ்ட்ரீக் எத்தனை நாள் என்று கேட்டால் அவரால் ஒரு எண்ணைக் காட்ட முடியுமா?

இத்தாலிய மொழியின் சொந்த நாட்டுக்காரர்களும் இதே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள். அலெஸ்ஸாந்த்ரோ மன்ட்சோனி மிலான் நகரத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. இத்தாலிய உரைநடையின் பிதாமகர் என்று இன்று பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். அவருடைய பெரிய நாவல் 1827இல் வெளிவந்து பேரும் வாங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். தன் மொழி ஏட்டு மொழியாக இருக்கிறதே, உயிரோடு பேசப்படும் பேச்சு எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அதே ஆண்டு குடும்பத்தோடு ஃபுளோரன்ஸுக்குப் புறப்பட்டார். ஊர் திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை. எமீலியா லூத்தி என்ற ஃபுளோரன்ஸ் பெண்மணி, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அவரிடம் ‘உங்க ஊரில் இதை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்டுக் கேட்டு நாவல் முழுவதையும் திருத்தி, 1840 தொடங்கி 1842 வரை மறுபடி அச்சிட்டார். நாடறிந்த எழுத்தாளர், தாய்மொழிக்காரர், ஒரு வீட்டு ஆசிரியையிடம் போய் நிற்பதாவது! நம் நண்பர் எழுதிய இத்தாலிய வாக்கியம் எதையும் இதுவரை யாரும் திருத்தியதில்லை. யாரிடமும் காட்டினால்தானே?

வரலாற்றை நியாயமாகப் பார்த்தால், இத்தாலியர்களே இத்தாலிய மொழிக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள்தான். 1861இல் நாடு ஒன்றானபோது அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்பது மொழியியலாளர் துல்லியோ தே மாவ்ரோவின் கணக்கு. தாராளமாகக் கணக்குப் போட்ட இன்னொருவரும் பத்து விழுக்காட்டோடு நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு வீட்டில் நாப்போலிப் பேச்சு, சிசிலிப் பேச்சு, வெனிஸ் பேச்சு. நூறு வருஷம் கழித்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள் என்பதால் 1960இல் அரசுத் தொலைக்காட்சி ஆல்பெர்த்தோ மான்ட்சி என்ற ஆசிரியரைக் கூப்பிட்டுத் திரையில் நிறுத்தியது. பெரிய தாளில் கரிக்கட்டியால் படம் வரைந்துகொண்டே எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். 1968 வரை நடந்த அந்த நிகழ்ச்சியால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள் தொடக்கப் பள்ளிச் சான்றிதழ் வாங்கினார்கள் என்று சொல்கிறார்கள். திரையைப் பார்த்துப் படிப்பது என்ற நண்பரின் முறைக்கு இதுதானே முன்னோடி என்று தோன்றும். இல்லை. அங்கே ஒரு குறை இருந்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் பொது இடத்தில் கூடி உட்கார்ந்தார்கள். வயலில் இருந்தும் வேலைத்தளத்தில் இருந்தும் வந்த கிழவர்களும் கிழவிகளும் பக்கத்து ஆள் பார்க்க, நடுங்கும் கையால் தங்கள் பெயரை எழுதினார்கள். மானத்தைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

நம் காலத்திலும் திருந்தாதவர்கள் உண்டு. நியூயார்க்கர் இதழில் வேலை பார்த்த ஆன் கோல்ட்ஸ்டைன், தாந்தேயை மூலத்தில் படிக்க ஆசைப்பட்டு, நடுவயதில் அலுவலக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்பு வைத்துப் படித்தார். பிறகு இத்தாலிய நாவலாசிரியர் எலெனா ஃபெர்ராந்தேயை மொழிபெயர்க்கும் பாரம் தலையில் விழுந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜும்பா லாஹிரி 1994இல் ஃபுளோரன்ஸுக்குப் போனபோது அந்த மொழிமேல் மனம் போனது. ஆசிரியர் மாற்றி ஆசிரியராகப் படித்தும் வாய் திறக்கவில்லை என்று 2012இல் குடும்பத்தோடு ரோமுக்கே குடியேறி, கடைக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் தடுமாறி, 2015இல் நேரடியாக இத்தாலிய மொழியிலேயே புத்தகம் எழுதினார். இருபது வருஷம்! நண்பர் இந்தச் செய்தியைக் கேட்டுத் தலையை ஆட்டினார். ‘அந்தம்மாவுக்கு மெத்தட் சரியில்லை’ என்றார்.

இலக்கணத்திலும் அவர் சாதனை சாதாரணமில்லை. பெரியவரை, முன்பின் தெரியாதவரை மரியாதையோடு விளிக்க இத்தாலியர் ‘லேய்’ என்பார்கள். 1938இல் முசோலினியின் ஆட்சி இந்த விளியை ஒழித்துக்கட்டப் பார்த்தது; அதற்குப் பதில் ‘வோய்’ சொல்லும்படி கட்டளை போட்டது. ஆட்சி கவிழ்ந்தது, ‘லேய்’ பழையபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சர்வாதிகாரியால் முடியாததை நண்பர் ஓசையில்லாமல் செய்து முடித்தார். முன்பின் தெரியாத இத்தாலியர் யாரையும் சந்திப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் ‘லேய்’க்கு ஏது வேலை? ‘கொன்ஜூந்தீவோ’ என்று வினைச்சொல்லில் இன்னொரு தொல்லை உண்டு. சந்தேகம், ஆசை, சொந்த அபிப்பிராயம் ஆகியவற்றைச் சொல்லும்போது வினை அந்த உருவத்துக்கு மாற வேண்டும். இத்தாலியர்களே அதில் வழுக்கி விழுகிறார்கள். 1583இல் ஃபுளோரன்ஸில் தோன்றிய க்ருஸ்கா கழகத்துக்கு மொழிச் சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள், கழகமும் பொறுமையாகப் பதில் எழுதுகிறது. நண்பர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விட்டார். எதிலும் சந்தேகமே வராதவருக்கு அது எதற்கு?

மொழி இப்படி என்றால் பண்பாடு இன்னும் சுலபம். இத்தாலியப் பண்பாடு என்பது செய்யக்கூடாதவற்றின் பட்டியல் என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். பதினோரு மணிக்கு மேல் கப்புச்சீனோ கூடாது. ஸ்பகெட்டியை உடைக்கக் கூடாது. பீட்சாவில் அன்னாசி கூடாது. கார்பனாராவில் கிரீம் கூடவே கூடாது. எங்கள் அலுவலகப் பெண் ஒருவர் ஆசையாகக் கார்பனாரா செய்து டப்பாவில் கொண்டுவந்தார். நண்பர் எட்டிப் பார்த்தார், கிரீமைக் கண்டார், ‘இத்தாலியில் இதற்குக் கைது பண்ணுவாங்க’ என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண் அதற்கப்புறம் எதுவும் கொண்டுவருவதில்லை. கார்பனாராவோ இரண்டாம் உலகப் போருக்கு முன் எந்தச் சமையல் புத்தகத்திலும் தலைகாட்டாத பண்டம். 1954இல் ஓர் இத்தாலியச் சமையல் இதழில் வந்த செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் க்ருயேர் சீஸும் இருந்தன. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தாலியர்களே தங்கள் பண்பாட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அவர் நெஞ்சு தாங்காது.

ஐந்து விரலையும் குவித்து மேலும் கீழும் ஆட்டும் அந்தச் சைகையும் அவருக்கு அத்துப்படி. நாப்போலிக்காரர்களின் கைப்பேச்சை விளக்க ஆந்த்ரேயா தே யோரியோ என்ற பாதிரியார் 1832இல் தடித்த புத்தகம் ஒன்று எழுத வேண்டியிருந்தது. நண்பருக்கு ஒரே சைகை போதும். பில் வந்தாலும் அதுதான், பஸ் வராவிட்டாலும் அதுதான். சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டி சிக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பார்த்தார், ஆங்கில சப்டைட்டிலோடு, ஒன்றரை மடங்கு வேகத்தில். சைக்கிள் சீக்கிரம் தொலைந்துவிட்டது.

அவர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் புகழ் குறைவுபடும். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் அவ்வை நின்றபோது எப்படி வாயடைத்துப் போயிருப்பாள் என்பது எனக்கு அந்த அலமாரியின் முன்னால்தான் புரிந்தது. இலக்கண நூல்கள், பயிற்சி நூல்கள், தலையணை கனத்தில் ட்சிங்கரெல்லி அகராதி. எதிலும் ஒரு மடிப்பு இல்லை, பென்சில் கோடு இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. முதுகு நிமிர்ந்து அணிவகுத்து நிற்கின்றன. நடுநாயகமாக மூன்று பாகங்களில் தாந்தே. நூறு காண்டங்கள், 14,233 அடிகள். அவற்றில் நரக வாசலில் எழுதியிருக்கும் அடியை நண்பர் மூலமொழியிலேயே மனப்பாடமாகச் சொல்வார். காபிக் கோப்பையில் அச்சிட்டு விற்கிறார்கள். நரகத்தைத் தாண்டிச் சுத்திகரிப்பு மலைக்குத் தாந்தே ஏறிப் போனதை அவர் ஒரு குறையாக நினைப்பதில்லை. கவிஞருக்கு நேரம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வழி தெரியாத அப்பாவிகள் சிசிலித் தீவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதுவும் நம் ஆட்கள். போர் துரத்த இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலெர்மோ நகரத்தில் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். வீட்டு வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, உணவகத்துச் சமையற்கட்டு, கடை. மொழியை அவர்கள் கற்ற விதம் கேட்டால் செயலி தயாரிப்பவர்கள் அழுதுவிடுவார்கள். படுக்கையில் கிடக்கும் கிழவி தண்ணீர் கேட்பாள், புரியாவிட்டால் கத்துவாள், மறுநாள் புரியும். மருந்துச் சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீஸ், வாடகைத் தகராறு என்று பாடங்கள் முறை தவறி வரும். நீண்ட நாள் தங்கும் அனுமதிக்கு ஏ2 நிலை மொழித் தேர்வு கேட்கிறார்கள். குடியுரிமைக்கு 2018 டிசம்பரிலிருந்து பி1 வேண்டும். நண்பருக்கு ஒரு செயலி ஏ2வைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி வாணவேடிக்கை காட்டியிருக்கிறது. இவர்கள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, எதிரே பரீட்சை எடுப்பவர் உட்கார்ந்திருக்க, வாயைத் திறந்து பேசித் தேற வேண்டியிருக்கிறது. பெல்லெக்ரினோ மலைமேல் பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. சைவக் குடும்பங்களும் அங்கே ஏறிப் போய்க் கும்பிட்டு வருகின்றன. பண்பாட்டில் எதைச் செய்யக்கூடாது என்று பட்டியலைப் பார்க்காமலே உள்ளே நுழைந்துவிட்டவர்கள்! அவர்கள் பிள்ளைகளோ சிசிலிப் பேச்சை ஊர்க்காரர்களைப் போலவே இழுத்துப் பேசுகிறார்கள். அதில் இலக்கணச் சுத்தமான இத்தாலியம் எவ்வளவு மிஞ்சும் என்று நண்பர் கவலைப்படுகிறார்.

இவ்வளவு தயாரான பிறகு வரும் கோடையில் அவர் இத்தாலிக்கே போகிறார். குழுச் சுற்றுலா. வெனிஸில் ஒரு நாள், ஃபுளோரன்ஸில் அரை நாள், பீசாவில் கோபுரத்தைக் கையால் தாங்கிப் படம் எடுக்கும் நேரம், ரோமில் ஒன்றரை நாள். பஸ்ஸோடு நம் ஊர்ச் சமையல்காரர் வருகிறார். இரவு சாம்பார், ரசம், அப்பளம் உறுதி. வழிகாட்டி தமிழிலேயே விளக்குவாராம். பயணத் திட்டத்தை விரித்துக் காட்டியபோது, ‘பலெர்மோ இல்லையா?’ என்று கேட்டேன். அவசரமாகத் தலையாட்டினார். அந்தப் பக்கம் போனால் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள் என்றார்.