விளக்கைப் போட்டால் வேலை செய்யும் மருந்து

கே: வெளிச்சம் பட்டால் நொதியின் வேலை மாறுமாமே, கதைதானே?

ப: இந்தக் கேள்வியை நான் படித்ததே அந்தக் கதையால்தான். விழித்திரையில் இருக்கும் ரெட்டினால், ஒளி பட்டதும் வளைந்த உடம்பை நிமிர்த்துகிறது. அதைத் தொடர்ந்து நொதிகள் கிளம்பினால்தான் பார்வை. இதைத் துப்பறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் கிடைத்தது.

கே: அப்படி ஒரு மூலக்கூறைச் செயற்கையாக எப்படி வடிவமைக்கிறார்கள்?

ப: நொதியின் குழியில் உட்காரத் தெரிந்த ஒரு மருந்தைப் பிடிப்பார்கள். அதன் இடுப்பில் அசோபென்சீனைச் செருகுவார்கள்: இரண்டு பென்சீன் வளையம், நடுவே இரண்டு நைட்ரஜன். இருட்டில் நீட்டிப் படுத்தால் சுமார் 9 ஆங்ஸ்ட்ராம். புற ஊதா பட்டால் மடங்கி 5.5. நீல ஒளி காட்டினால் மறுபடி நிமிரும். ஒரு வடிவம் குழியில் பொருந்த வேண்டும், மற்றது பொருந்தக் கூடாது. செருகிய இடம் தப்பினால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும். அப்புறம் விளக்கு கரன்ட் பில்லுக்கு மட்டும்தான்!

கே: இது நேற்று வந்த ஃபேஷனா சார்?

ப: 1968 தம்பி! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்னார்டு எர்லாங்கர் குழு, புரதம் வெட்டும் கைமோடிரிப்சின் நொதியை இப்படித்தான் ஆட்டிப் படைத்தது. மடங்கிய வடிவத்துக்கே முடக்கும் வேகம் அதிகம். 'ஸ்மார்ட்' என்று பட்டம் சூட்ட அன்று ஆளில்லை, பாவம்.

கே: நோயாளிக்கு என்ன லாபம்?

ப: கீமோ மருந்துக்குக் கட்டியும் ஒன்று, தலைமுடியும் ஒன்று. விளக்கடித்த இடத்தில் மட்டும் மருந்து விழித்தால் முடி பிழைக்கும். நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா குழு 2013-இல் ஓர் ஆன்ட்டிபயாடிக் செய்தது. ஒளியில் விழிக்கும், சில மணி நேரத்தில் தானே ஓய்ந்துவிடும். சாக்கடையில் கிருமிகளுக்கு எதிர்ப்புப் பயிற்சி வகுப்பு நடத்தாது. (அவருடைய 2016 நோபல் இதற்கல்ல, மூலக்கூறு எந்திரங்களுக்கு.)

கே: அப்புறம் ஏன் மெடிக்கல் ஷாப்பில் காணோம்?

ப: நமக்குள் கும்மிருட்டு. புற ஊதா தோலோடு நின்றுவிடும். சிவப்பும் அகச்சிவப்பும்தான் கொஞ்சம் உள்ளே நுழையும். அதனால் வளையத்தில் ஃபுளோரின், மெத்தாக்சி என்று ஒட்டவைத்து, பச்சைக்கும் சிவப்புக்கும் மசியப் பழக்குகிறார்கள். இன்னொரு வில்லங்கம், குடல் பாக்டீரியாக்கள் அந்த இரண்டு நைட்ரஜனுக்கு இடையிலான அசோ பிணைப்பை அறுத்துவிடும். 1930-களின் புரோன்டோசில் உடம்புக்குள் அப்படி அறுபட்ட பிறகுதான் சல்ஃபா மருந்தாகவே ஆனது. அன்று அது அதிர்ஷ்டம், இன்று தலைவலி.

கே: பேரனை மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அதுவும் இதுதானா?

ப: பங்காளி முறை, பாட்டி. பிறந்த குழந்தையின் கல்லீரல் நொதி இன்னும் முழுசாகச் சுறுசுறுப்பாகவில்லை. ஒளி பட்டதும், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் வடிவம் மாறி, அந்த நொதியின் தயவில்லாமலே வெளியேறுகிறது. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்ததை முதலில் கவனித்தவர் ஒரு செவிலியர். டாக்டர்கள் பிறகுதான் வந்தார்கள். வழக்கம்தானே?

கே: வெளிச்சத்தில் ஓடும் நொதி நம் உடம்பிலேயே உண்டா?

ப: நீல ஒளியைக் கொண்டு டிஎன்ஏ காயத்தை ஆற்றும் ஃபோட்டோலயேஸ் கங்காருவுக்கு உண்டு, நமக்கு இல்லை. குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

கே: பி.பி. மாத்திரையை டார்ச் அடித்துக் கட்டுப்படுத்தலாமா?

ப: முடியாது. அட்டையில் 'வெளிச்சம் படாமல் வைக்கவும்' என்று அச்சடித்திருந்தால், அதைப் படிக்க மட்டும் டார்ச் அடியுங்கள்.