சவுண்ட்பாரும் சுவரின் காதும்

கேள்வி: சவுண்ட்பார் ஒன்றை வாங்கி வைத்தால் வீடு திரையரங்கு ஆகிவிடுமா?

பதில்: இடைவேளையில் பாப்கார்ன் விலையையும் உயர்த்தினால் ஆகக்கூடும். தொலைக்காட்சிப் பெட்டி மெலிய மெலிய, அதன் ஒலிபெருக்கிகள் முன்பக்கத்தில் இடமின்றிக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்படுவதால், கதாநாயகனின் வசனத்தை வீட்டாருக்கு முன்னரே சுவர் கேட்டுவிடுகிறது. இக்குறையைத் தீர்க்க, பல ஒலிபெருக்கிகளை ஒரே நீளப் பெட்டியில் அடுக்கிப் பார்வையாளரை நோக்கி வைத்த கருவியே சவுண்ட்பார்.

பெட்டியின்மேல் காணப்படும் 5.1.2 போன்ற எண்களில், முதலாவது காதுமட்டத்தில் ஒலிக்கும் தடங்களையும், இரண்டாவது இடி முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்குரிய சப்வூஃபரையும், மூன்றாவது உயரத்திலிருந்து கேட்கவேண்டிய தடங்களையும் குறிக்கும். 2012-இல் 'பிரேவ்' திரைப்படத்துடன் அரங்குகளுக்கு வந்த, உயரத்திலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் டால்பி அட்மாஸ் முறையைப் பின்பற்றும் சவுண்ட்பார்கள் பலவும் அந்த உயரத்து ஒலியைக் கூரையில் மோதவிட்டுக் காதுக்குத் திருப்புவதால், சரிந்த ஓட்டுக்கூரையின்கீழ் அந்த ஒலி வழி தவறி, கொடுத்த விலையை மட்டுமே எதிரொலிக்கும்.

வசனத் தெளிவே நோக்கமெனில், பேச்சுக்கென நடுத்தடம் கொண்ட 3.1 வகையே போதுமானது. தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ வடத்தின் வழியே சவுண்ட்பாருக்குத் திருப்பியனுப்பும் ஏஆர்சி வசதி, 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்திலிருந்தே இருப்பதால், அதற்குரிய துளை இரு கருவிகளிலும் உள்ளதா என்று பார்த்தல் நலம்.

இரவில், உரத்த ஒலியைத் தணித்து மெல்லொலியைத் தூக்கிக் காட்டும் நைட் மோடை இயக்குக; கீழ்வீட்டார் அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை.